கன்னிவாடியிலிருந்து ரயில் பார்க்க வந்தவர்

போன மாதம் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தபோது, ஒரு பழைய வாரப் பத்திரிகை கையில் கிடைத்தது. அதில் ஒரு செய்தி. இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான் என்று நாடு நாடாக ஆயிரக்கணக்கான பேருக்கு ரயில் பார்ப்பதுதான் பொழுதுபோக்காம். பிளாட்பார ஓரத்தில் நின்று இன்ஜின் நம்பரை நோட்டில் எழுதுகிறார்களாம். கையில் பிளாஸ்க், மழைக்குக் குடை... சங்கம்கூட இருக்கிறதாம்!

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சலூன்காரர் பதறிப்போய், "கத்தி பட்டுருச்சாண்ணே?" என்றார்.

கத்தி படவில்லை. பதினோரு வருடமாக நானும் அதைத்தான் செய்கிறேன் — அவ்வளவுதான். பத்திரிகைக்கு நான் எழுதிவரும் இந்தப் பத்தியில்கூட எழுதக் கூச்சப்பட்ட விஷயம் அது.

வடமதுரையில் என் தையல் கடை. மாலையில் அரை மணி நேரம் மெஷினை நிறுத்திவிட்டு, ஊருக்கு வெளியே உள்ள ரயில்வே கேட்டுக்குச் சைக்கிளில் போவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இங்கிலீஷ் எழுத்து தகராறு செய்யும். எண்கள் செய்வதில்லை. இன்ஜின் நம்பரை எழுதிக்கொண்டு திரும்பிவிடுவேன். கேட் கீப்பர் மட்டும் சும்மா விடமாட்டார்.

"இம்புட்டு நம்பர் எழுதுறீகளே, இன்ஜினுக்கெல்லாம் ஜாதகமாண்ணே கணிக்கப் போறீக?"

அந்தச் செய்தியைப் படித்த மறுநாள் மாலை. கேட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளி, தண்டவாளத்தை ஒட்டி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்து, அதன்மேல் கைக்கடிகாரத்தை வைத்திருந்தார். வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற அமர ரயில் பார்க்க வந்தவர்! வேறென்ன?

கடைக்கு வருகிறவர்களிடம் "கையை விரிங்க" என்பதைத் தாண்டி நான் பேசுவதில்லை. அன்று நானே போய்ப் பேசினேன்.

"ரயில் பாக்கவா வந்தீக?"

திடுக்கிட்டுத் திரும்பினார். மறுபடி தண்டவாளத்தைப் பார்த்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அந்தக் கூச்சம் எனக்குத் தெரியாதா?

"எந்த ஊரு உங்களுக்கு?"

"கன்னிவாடிப் பக்கம்."

கன்னிவாடியில் ரயிலே கிடையாது. திண்டுக்கல்லில் பஸ் மாறி, இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்றால்... என்னைவிடப் பெரிய ஆள்! எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நோட்டை விரித்தேன். பொன்மலை ஷெட் இன்ஜின்கள், ஈரோடு ஷெட் இன்ஜின்கள், ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்த ஒரே ஒரு நம்பர் — எல்லாவற்றையும் காட்டினேன். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு பேசியதில்லை.

"அண்ணே... என்னையக் கொஞ்சம் தனியா விடுறீகளா?"

"செத்த நேரம் பொறுங்க. கூட்ஸ் வர்ற நேரம்."

கேட் மூடியது. தூரத்தில் ஹாரன் கேட்டது. அவர் முன்னால் நகர்ந்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பின்னாடி வாங்க! கிட்ட நின்னா நம்பர் தெரியாது. ரெண்டு இன்ஜின் வரும். முன்னதை நான் பாத்துக்கிறேன். பின்னதை நீங்க எழுதுங்க." நோட்டையும் பேனாவையும் அவர் கையில் திணித்தேன். அவர் முழங்கையை நான் விடவில்லை — ஆர்வத்தில்தான், வேறு எதற்கும் இல்லை.

வண்டி தடதடவென்று கடந்தது. கார்டு வேன் போய், புழுதி அடங்கியது. நோட்டைப் பார்த்தேன். இன்ஜின் நம்பருக்கு ஐந்து இலக்கம்; நான்குதான் எழுதியிருந்தார். ஐந்தாவது இல்லை.

"கடைசி நம்பரைக் கவனிக்கலைண்ணே," என்றார். பிறகு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். "நான் ரயில் பாக்க வரலைண்ணே..."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் செருப்பும் கடிகாரமும் எதற்காக அங்கே இருந்தன என்று. கேட் கீப்பரைக் கத்திக் கூப்பிட்டேன்.

கேட் கீப்பர் தண்ணீர் கொடுத்தார், கேலி பேசவில்லை. அந்த மனிதரைக் கடைக்குக் கூட்டிவந்து, அவரிடம் நம்பர் கேட்டு, பக்கத்து போன் பூத்திலிருந்து அவருடைய அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணன் வந்து சேரும்வரை அவரை என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். என்ன துயரம் என்று நான் கேட்கவில்லை. வந்த அண்ணனிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"தனியா விட்டுறாதீக. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

கூட்டிப் போயிருக்கிறார்கள். இப்போது ராத்திரி தூங்குகிறாராம். இதை எழுத அவரே சம்மதித்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

ஒன்று யோசிக்கிறேன். அவர் எதற்காக நிற்கிறார் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? எனக்கு வாயே வந்திருக்காது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தயங்கி நிற்பதற்குள் வண்டி வந்திருக்கும். நம்மாள் என்று தப்பாக நினைத்ததால்தான் பேச்சு வந்தது.

அதனால் இப்போதெல்லாம் லைன் ஓரம் யார் தனியாக நின்றாலும் நானாகவே போய்ப் பேசிவிடுகிறேன். பாதிப்பேர் என்னை லூசு என்று நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஊரைப் பார்த்து நடக்கிறார்கள்.

நினைத்துக்கொள்ளட்டும்... வீடு போய்ச் சேர்ந்தால் சரி.