நெடி வராத வத்தல்

என் மூக்கை நம்பி வியாபாரம் செய்து மூன்று மாடி வீடு கட்டியவன் நான். விருதுநகர் பஜாரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். மல்லாங்கிணறில் வானம் பார்த்த பூமியில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வத்தல் மண்டியில் மூட்டை தூக்க வந்தேன். இன்றைக்கு அதே தெருவில் எனக்கு ஒரு மண்டி இருக்கிறது. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி மிளகாய் வத்தலை அள்ளி, ஒன்றை ஒடித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும். எந்தப் பக்கத்துச் சரக்கு, பழசா புதுசா, எடை கூட்ட எவனாவது தண்ணீர் தெளித்திருக்கிறானா, அம்புட்டையும் சொல்லிவிடுவேன். பெரிய கம்பெனிக்காரர்கள் இதற்கு மிஷின் வைத்திருக்கிறார்கள். எனக்கு மிஷின் முகத்திலேயே இருக்கிறது.

அப்படிப்பட்டவன் வீட்டில், மூக்கினாலேயே ஒரு வெளிநாட்டுப் பயணம் நின்றது.

என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்து வந்துவிடுவோம். கொரோனாக் காலத்தில் விமானம் ஓடாததால் ஏழாம் மாதம் அவளால் வர முடியவில்லை. விமானம் ஓட ஆரம்பித்தபோது வயிறு பெரிதாகியிருந்தது; ஏற விட மாட்டார்கள். மாப்பிள்ளைக்குத் தாயார் இல்லை. அந்த ஊரில் அவளுக்கு ஒரு வாய் கஷாயம் வைத்துக் கொடுக்க ஒரு பொம்பளை கிடையாது. அதனால் என் மனைவி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“அவ வர முடியாட்டி நான் போறேன். வலி எடுக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும். நீங்க வந்தா வாங்க, வராட்டி உங்க வத்தலக் கட்டிக்கிட்டு இங்கனயே இருங்க.”

நானும் கிளம்பினேன். டிக்கெட் போட்டோம். பிரசவ மருந்து, சுக்கு, கருப்பட்டி, வசம்பு என்று பெட்டி நிறைந்தது. ஊசி போட்ட சர்டிபிகேட் வாங்கினோம். கடைசியாக ஒன்று பாக்கி. உடம்பு நல்லா இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் சிங்கப்பூர்க்காரனுக்கு ஒரு ஃபாரம் நிரப்பி அனுப்ப வேண்டும். அதை முன்கூட்டியே நிரப்ப முடியாது. கிளம்பும் நேரம் நெருங்கிய பிறகுதான் நிரப்ப விடுவான்.

என் மருமகள் சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கிற குடும்பத்துப் பெண். எழுத்து என்றால் ஒரு புள்ளி விடாமல் பார்ப்பாள். மகனை மண்டிக்கு அனுப்பிவிட்டு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு வரி விடாமல் படித்துச் சொல்ல வேண்டும் என்று நான் கண்டிஷனாகச் சொல்லியிருந்தேன். படிக்காதவன் என்றாலும், எதில் என் பெயர் இருக்கிறதோ அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் விட்டது கிடையாது.

“தொழில் என்ன மாமா போட?”

“முதலாளின்னு போடு.”

“அப்படி ஒண்ணு இதுல இல்ல. ஓய்வு பெற்றவர்னு இருக்கு, சொந்தத் தொழில்னு இருக்கு.”

“ஓய்வா? அத நான் போய்ச் சேந்த பெறகு போட்டுக்கிடச் சொல்லு.”

சொந்தத் தொழில் என்று போட்டாள்.

“சமீபத்துல எங்கெங்க போயிருக்கீகன்னு கேக்கான்.”

“எழுதிக்க. மல்லாங்கிணறு. சாத்தூரு. அப்புறம் எம். புதுப்பட்டியில அந்தப் பட்டாசுக் கம்பெனிக்காரர் வீட்டுக் கல்யாணம்.”

“ரெண்டு பந்தியில உக்காந்ததையும் சேத்துச் சொல்லுங்க” என்றாள் என் மனைவி, பெட்டியை அமுக்கி மூடிக்கொண்டே.

“மாமா, அவன் நாடு கேக்கான். ஊரு கேக்கல.”

ஊர் தெரியாமல் ஒரு ஆளை எப்படி உள்ளே விடுவான் என்று எனக்கு விளங்கவில்லை. சரி, அவன் நாடு, அவன் பாடு என்று விட்டுவிட்டேன்.

அடுத்து, இருமல் இருக்கிறதா என்ற கேள்வி.

“இருக்கு” என்றேன்.

மருமகள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். “மாமா! இருக்குன்னு போட்டா பிளேன்ல ஏத்த மாட்டாக.”

“வத்தல் மண்டியில இருமாதவன் எவன்? சீசன்ல காலையில தொடங்கினா கடை சாத்துற வரைக்கும் இருமல்தான். இல்லேன்னு போட்டா அது பொய்யில்லையா?”

அவள் மகளுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மகள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். “அப்பா, அது நெடி இருமல்ப்பா. நம்ம மண்டியில நாய்கூட இருமும். அவன் நோவு இருமலத்தான் கேக்கான். இல்லேன்னு போடச் சொல்லுங்க.” அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டாள். “அம்மா, எனக்கு இப்பவே இடுப்பு கடுக்குது. சீக்கிரம் வந்துரும்மா.”

“இந்தா, பொட்டியக் கட்டியாச்சு. பயப்படாத. நான் வராம அது வெளிய வராது” என்றாள் என் மனைவி. பிள்ளைக்கே உத்தரவு போடுகிற ஆள் அவள்.

போனை வைத்ததும் மணத்தைப் பற்றிய கேள்வி வந்தது. வாசனை தெரியாமல் போனதா, ருசி தெரியாமல் போனதா என்று. நான் சிரித்தேன். என்னிடம் போய் இதைக் கேட்கிறானே! இல்லை என்று பெரிய எழுத்தில் போட முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். இரண்டு பேருக்கும் இல்லை என்று போட்டு முடித்தாயிற்று. பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

“இரு தாயி” என்றாள் என் மனைவி. “அமுக்காத. சுத்திப் போட்டுட்டு அமுக்கலாம்.”

எங்கள் மண்டியிலிருந்து ஒரு லோடு வெளியூர் கிளம்பினால்கூட லாரிக்குச் சுற்றிப் போடாமல் விடமாட்டாள். ஒரு பிடி வத்தல், கல்லுப்பு, தெருமண் மூன்றையும் கையில் மூடிக்கொண்டு சுற்றிவிட்டு நெருப்பில் போடுவாள். வத்தல் எரிந்து நெடி வந்து எல்லோரும் இருமினால், கண் திருஷ்டி ஏதும் இல்லை. நெடியே வரவில்லை என்றால், இருந்த திருஷ்டி அம்புட்டும் அதில் எரிந்துபோயிற்று. இது எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

தூபக்காலில் கரி கனன்றது. எங்களையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றிப் போட்டாள். என் மண்டியின் முதல்தரச் சரக்கு அது, சும்மா இருக்குமா? புகை ஏறிய வேகத்தில் மருமகள் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறக்க ஓடினாள். நெடியிலேயே வளர்ந்த எனக்கே கண்ணில் தண்ணீர் கொட்டியது. நானும் இருமினேன்.

என் மனைவி மட்டும் தூபக்காலுக்கு நேர் மேலே குனிந்து நின்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“பாத்தீகளா! துளி நெடி இல்ல. எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு நம்ம குடும்பத்து மேல! எல்லாம் எரிஞ்சு போச்சு. இப்ப அமுக்கு தாயி.”

மருமகள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் இன்னும் இருமிக்கொண்டுதான் இருந்தோம்.

“அத்தே, காலையில சட்னி உப்புக் கரிச்சது. நீங்க சாப்பிட்டீகளா?”

“சாப்ட்டேனே. நல்லாத்தான் இருந்துச்சு.”

மருமகள் அடுப்படிக்குப் போய்க் காப்பித்தூள் டப்பாவையும் பெருங்காயக் கட்டியையும் எடுத்துவந்து நீட்டினாள். என் மனைவி ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து இழுத்தாள். முதலில் சும்மா இழுத்தாள். பிறகு நன்றாக இழுத்தாள். பெருங்காயத்தை மூக்கோடு அழுத்தி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“லேசாச் சளி பிடிச்சிருக்கு. அதான்” என்றாள்.

கம்ப்யூட்டரில் அந்தப் பொத்தான் அப்படியே நின்றது.

“இல்லேன்னே போட்டு அனுப்பு தாயி. எனக்கு வாசம் தெரியலேங்கிறது இந்தக் கம்ப்யூட்டர் டப்பாவுக்கு எப்படித் தெரியும்?”

“டப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சு போச்சே” என்றேன் நான். “இந்தா பாரு, சாம்பிள்ல ஒண்ணக் காட்டி மூட்டையில வேற சரக்கு அனுப்புனவன் நான் கிடையாது. இப்ப போய்ச் சேருற எடம் நம்ம மக வீடு. பிள்ளைத்தாச்சிப் பொண்ணு. பெறக்கப்போறது பச்ச மண்ணு.”

“உங்களுக்கென்ன, பேசுவீக. அவளுக்கு வலி எடுக்கும்போது ‘அம்மா’ன்னு கத்துவா. அங்க யாரு இருக்கா?”

பஜாரில் எவன் என்ன பேசினாலும் மறுபேச்சுப் பேசத் தெரிந்த ஆள் நான். அன்றைக்கு நான் போய் ஜன்னலின் இன்னொரு கதவைத் திறந்துவிட்டேன்.

அவள் தூபக்காலில் இன்னொரு தடவை குனிந்து முகர்ந்து பார்த்தாள். அப்புறம் முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு எழுந்து, எங்களை விட்டுத் தள்ளிப் போய் நின்றாள். “மூக்குல குச்சி விடுற ஆளக் கூப்பிடுங்க. இருந்தா இருக்குன்னு தெரியட்டும்.”

இருந்தது. அவளுக்கு மட்டும். எம். புதுப்பட்டிக் கல்யாணத்தில் வந்ததோ, காய்கறிக் கடையில் வந்ததோ, யார் கண்டது. எங்களுக்கு இல்லை. வத்தல் நெடி ஊறிய உடம்பில் கொரோனா ஒட்டாது என்று நான் சொன்னேன். “மாமா, இத பஜார்ல போய்ச் சொல்லிராதீக” என்றாள் மருமகள். பிறகு நான் பஜாரில் சொன்னேன்.

மகளுக்கு விஷயத்தைச் சொன்னது என் மனைவிதான். நான் சொல்கிறேன் என்றதற்கு விடவில்லை. மூன்றாம் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். மகள் போட்ட சத்தம் படிக்கட்டு வரை கேட்டது. “கல்யாணச் சாப்பாடு உங்களுக்கு அம்புட்டு முக்கியமாப் போச்சோ!” அப்புறம் இரண்டு பேரும் அழுதது கேட்டது. நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி மகனுக்குப் போன் போட்டேன்.

நாலு பேருக்கு மூன்று மாடி எதற்கு என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. இதற்குத்தான். ஒரு மாடி முழுவதும் என் மனைவிக்கு. அவளுக்குப் பெரிதாகக் காய்ச்சல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. வாசம்தான் இல்லை. சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு மருமகள் தள்ளி நிற்பாள்.

அவள் மேலே இருக்கும்போதே மகளுக்கு வலி எடுத்தது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து போனைப் பிடித்துக் காட்டினார். மகள் கத்தக் கத்த, என் மனைவி மாடியிலிருந்து அதற்கு மேல் கத்தினாள். “மூச்ச விடாத, பிடி! நான் இங்கனதான் இருக்கேன். என் முகத்தப் பாரு!” தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பேத்தி பிறந்தாள். நல்ல எடை. எங்கள் குடும்பத்துக் காது.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் மனைவியின் குளிப்பாட்டும் பாடம் போனில் தொடங்கியது. மாப்பிள்ளை அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர். போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“கால நல்லா நீட்டி உக்காருங்க மாப்ளே. பிள்ளையக் கணுக்கால் மேல போடுங்க. எண்ணெயத் தடவுங்க.”

“அத்தே, வழுக்குது.”

“வழுக்கத்தான் செய்யும். உங்களப் பெத்தவுகளுக்கும் நீங்க வழுக்குனவருதான். பிடிங்க!”

கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்த மருமகள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

என் மனைவிக்கு உடம்பு தேறி, இல்லை என்ற ரிசல்ட் வந்து, திரும்பவும் டிக்கெட் போட்டு, திரும்பவும் ஃபாரம் நிரப்பினோம். இந்தத் தடவை தன் கேள்விகளுக்குத் தானே பதில் சொன்னாள். என்னை வாயைத் திறக்கவிடவில்லை. சிங்கப்பூர் விமான நிலையத்தில் ஒரு அதிகாரி எங்கள் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கேள்விகூடக் கேட்காமல் உள்ளே விட்டார். ஒழுங்காக நிரப்பியிருந்தால் ஏன் கேட்கப்போகிறார்.

வீட்டுக்குள் நுழைந்து கைகால் கழுவியதும் என் மனைவி சேலையை இழுத்துச் செருகினாள். “பிள்ளையக் குடுங்க மாப்ளே. நான் குளிப்பாட்டுதேன்.”

மாப்பிள்ளை பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. “நீங்க இப்பத்தானே வந்தீங்க அத்தே. உக்காருங்க. இவ என் கைக்குப் பழகிட்டா.”

“எண்ணெய லேசாச் சூடு பண்ணணும்.”

“பண்ணிட்டேன் அத்தே.”

“மூக்கு நீவி விடணும்.”

“நீங்க சொன்ன மாதிரியே நீவுறேன்.”

கால் நீட்டி உட்கார்ந்து அவர் தண்ணீர் ஊற்றிய அழகை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டுக் காதில் போகவில்லை. என் மனைவிக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. இத்தனை தூரம் கடல் தாண்டி வந்தவள், என்ன செய்வது என்று தெரியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அப்போது மகள் அறைக்குள்ளிருந்து மெதுவாக வந்தாள். அம்மாவின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். “இடுப்பு இன்னும் கடுக்குதும்மா” என்றாள்.

“கடுக்கத்தான் செய்யும். திரும்பிப் படு” என்று சொல்லி என் மனைவி அவள் இடுப்பை அமுக்கிவிட ஆரம்பித்தாள். அன்று சாயங்காலம் வரை அந்த இடத்தைவிட்டு அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளையைத் துடைத்துத் துணி சுற்றிக்கொண்டு வந்து மாப்பிள்ளை என் கையில் கொடுத்தார். படித்த மாப்பிள்ளைகள் எத்தனையோ பேர் வரிசையில் வந்தபோது, இவரைத்தான் பார்த்து முடித்தேன். வத்தலைப் போலவே மாப்பிள்ளையையும் நான்தான் பார்த்தேன்.