திரையில் வந்து நின்ற வரி

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அப்போது திண்டுக்கல்லில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்தேன். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையின் சர்வர் என் பொறுப்பு. ஒருநாள் அது மக்கர் பண்ணியது. "இங்கருந்தே உள்ள போயி சரி பண்ணிர்றேன் சார்" என்று ஆலை மேனேஜரிடம் போனில் சொன்னேன்.

"ஆளே வராம என்னம்மா வேலை? பொம்பளப் புள்ளைய நம்பி உக்காந்திருக்க முடியுமா? ஆம்பள ஆளா அனுப்பச் சொல்லு."

என் முதலாளி மறுபேச்சில்லாமல் செல்வத்தை அனுப்பினார். செல்வத்துக்குக் கம்ப்யூட்டரை விற்க மட்டும்தான் தெரியும். "நீ செத்த நேரம் முன்னால உக்காந்து எதையாச்சும் தட்டிக்கிட்டிரு. அந்தப் புள்ள இங்கருந்து பாத்துக்கிரும்" என்று முதலாளி அவனிடம் என் காதுபடவே சொன்னார்.

நான் எஸ்எஸ்எச் கட்டளை கொடுத்து, திண்டுக்கல்லில் இருந்தபடியே சர்வருக்குள் நுழைந்து சரிசெய்தேன். செல்வத்தின் பக்கத்தில் நின்றுகொண்டே மேனேஜர் போன் செய்தார்.

"தம்பி கைய வச்சதும் ஓடிருச்சும்மா! நீயும் கத்துக்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'வால்' (wall) என்றொரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்து எழுதினால், சர்வரோடு இணைந்த எல்லாத் திரையிலும் அந்த வரி வந்து நிற்கும். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன்: "சரி பண்ணது நான்தான். இன்னும் உள்ளதான் இருக்கேன்."

மேனேஜர் இன்னும் போனை வைக்கவில்லை. "தம்பி, இது நீ அடிச்சதா?" என்று அவர் கேட்பது கேட்டது.

"இல்ல சார். அந்தக்கா."

மேனேஜர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, போனை வைத்துவிட்டார். வேலை சுத்தமாக இருந்தால் செய்தவர் யாரென்று தானாகத் தெரிந்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். இப்போதெல்லாம் எந்தச் சர்வரைச் சரிசெய்தாலும், என் பெயரை எல்லாத் திரையிலும் நிறுத்திவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.