மூக்கு ஒழுகாத அழுகை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அந்த மெட்டு வந்தது. பியானோவில் ஐந்தாறு சுரம், பிறகு ஒரு பெண் லேசாக முனகுவாள், அவ்வளவுதான். கையில் சோப்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

எட்டிப் பார்த்தேன். ஆறாவது படிக்கிற என் மகள் டிவிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து கொரியன் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் நான் பார்த்த அதே சீரியல்தான். கதாநாயகி இப்போது தமிழ் பேசுகிறாள், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி, ஒரு எழுத்து சிந்தாமல்.

“இது பழசும்மா. இப்பதான் தமிழ்ல வந்திருக்குது. உனக்கு இன்னா தெரியும், நீ போ” என்றாள்.

எனக்கு என்ன தெரியுமா! பதினாறு எபிசோடும் எனக்கு மனப்பாடம். எங்கே மழை வரும், எங்கே குடை பறக்கும், எந்த அழுகைக்கு எந்தப் பாட்டு, எல்லாம் சொல்வேன். ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். ஓடிக்கொண்டிருந்தது எட்டாவது எபிசோடு. கடைசி எபிசோடு வருவதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிட வேண்டும் என்று அப்போதே பதற்றம் தொடங்கிவிட்டது.

இந்த ஆசிய நாடகங்களைப் பற்றி எனக்குத் தீர்மானமான அபிப்பிராயங்கள் உண்டு, கேட்கத்தான் ஆளில்லை. சீனத்து ராஜா கதை என்றால் அறுபது எபிசோடு. ஆண்களுக்கெல்லாம் என்னைவிட நீளமான கூந்தல். மலை உச்சியிலிருந்து விழுந்து எழுந்தாலும் சிக்கு விழாது. ஜப்பான்காரர்கள் பத்தில் முடித்துக்கொள்வார்கள். பாதி நேரம் சாப்பிடுவார்கள், மீதி நேரம் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள். எனக்குப் பிடிக்கும். துருக்கி நாடகத்தில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நாம் போய் உலை வைத்துவிட்டு வந்தாலும் பார்வை முடிந்திருக்காது. கொரியன் கதையில் பத்து எபிசோடு வரை சிரிப்பு, அதற்கு மேல் எங்கிருந்தோ ஒரு லாரி வந்து யாரையாவது இடிக்கும். அப்புறம் நடிப்பு. நாயகர்களில் பலருக்கு முகம்தான் இருக்கிறது, அதில் ஒன்றும் நடப்பதில்லை. இரண்டாவது நாயகனாக வருகிறவன்தான் நடிப்பான். அவனுக்குத்தான் பெண் கிடைக்காது.

இதில் பாதி என் சொந்த அபிப்பிராயம் இல்லை, மெஹரு அக்காவுடையது. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஹெல்பராக இருந்தேன். எங்கள் ஊர் அணைக்கட்டுப் பக்கம். விடிந்ததும் கம்பெனி பஸ் வந்துவிடும். ஷூவின் மேல் பாகத்தை அப்பர் என்பார்கள். தையல் லைனில் தைத்து வருகிற அப்பர்களில் பிசிறு நூலை வெட்டி, தையலுக்கு வழி காட்ட சில்வர் பேனாவால் போட்ட கோட்டைத் துணியால் துடைத்து, செக்கிங் டேபிளுக்குத் தள்ள வேண்டும். ஒரு ஸ்டூலும் ஒரு கத்தரிக்கோலும் ஒரு துணியும்தான் என் உலகம். பசை வாசனை தலைக்குள்ளேயே குடியிருக்கும். பஞ்சர் கடையைத் தாண்டும்போது இன்றைக்கும் என் மூக்கு தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

செக்கிங் டேபிளில் இருந்தவள் மெஹரு அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். இடது அப்பரையும் வலது அப்பரையும் கலர் பார்த்து ஜோடி சேர்ப்பது அவள் வேலை. பழுப்புத் தோல் என்றால் நமக்கு எல்லாம் ஒரே பழுப்பு. அவளுக்கு அதில் வெல்லம் உண்டு, கருப்பட்டி உண்டு, புளி உண்டு, சுக்குக் காபி உண்டு. ஒரு வெல்லத்தோடு ஒரு கருப்பட்டி சேர்ந்துவிட்டால் இங்கே தெரியாது. கடைக்காரன் வெளிச்சத்தில் தெரியும், பெட்டி திரும்பி வரும். அவள் டேபிளிலிருந்து ஒன்றுகூடத் திரும்பியதில்லை என்று லைன் முழுக்கச் சொல்வார்கள். “என் கண்ணு பொய் சொல்லாது” என்று அவளே சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் கர்வம்தான். இருக்கட்டுமே, அவ்வளவு பெரிய ஷெட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதானே.

அப்போது கொரியன் கதைகள் தமிழில் வராது. பஜாரில் ஒரு மொபைல் கடையில் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்பார்கள். கீழே ஓடுகிற இங்கிலீஷைப் படித்தால்தான் கதை புரியும். பிளஸ் டூ முடித்த நான் ஏதோ தட்டுத்தடுமாறிப் படித்துவிடுவேன். அதனால் கதை சொல்லும் உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் ஒரு எபிசோடு பார்ப்பேன், மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஏழெட்டுப் பேருக்குச் சொல்வேன். நாயகன் பேசாத வசனமெல்லாம் பேசுவான். நீங்கள் நம்ப மாட்டீர்கள், அசல் கதையைவிட என் கதையில் முத்தம் கம்மி, சண்டை ஜாஸ்தி.

வெறும் வாயால் சொன்னால் போதாது. வாரத்துக்கு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே போய்ப் போனில் காட்டவும் வேண்டும். எங்கள் ஆட்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். “கோடீஸ்வரன்னு சொன்னியே, தையல் இப்படிக் கோணலா போவுது?” என்பாள் ஒருத்தி. மெஹரு அக்காவின் பரீட்சை வேறு. யாராவது அழும் காட்சி வந்தால் போனை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொள்வாள்.

“மூக்கு ஒழுகுதா பாரு. ஒழுகல. கண்ணுல மட்டும் தண்ணி வுடறான். மூக்கு ஒழுகாம அழுறதெல்லாம் அழுகையாடி? அடுத்தவனைக் காட்டு.”

அப்படி எத்தனை பேரழகர்களை ஃபெயில் ஆக்கியிருப்பாள்!

இந்தச் சீரியலின் நாயகி செருப்புக் கடையில் வேலை செய்கிறவள். எங்கள் லைனுக்கு அது போதாதா? சொந்தக்காரப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். அவள் காதலித்தவனை வழக்கம்போல லாரி இடிக்கிறது, எல்லாம் மறந்துபோகிறது. பணக்காரப் பெண் ஒருத்தியோடு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. கடைசி எபிசோடில் கல்யாண ஷூ வாங்க இவள் கடைக்கே வருகிறான். யார் என்றே தெரியாமல் காலை நீட்டுகிறான். அவனுக்கு இடது கால் கொஞ்சம் பெரிது. அது இவளுக்குத்தான் தெரியும். கேட்காமலேயே இடதுக்கு அரை சைஸ் பெரியதாக எடுத்து வந்து, முட்டி போட்டு, ஷூக் கயிறு கட்டிவிடுகிறாள்.

அன்றைக்கு இதுவரை சொல்வதற்குள் சாப்பாட்டு மணி முடிந்துவிட்டது. எல்லோரும் எழுந்து அவரவர் இடத்துக்குப் போனார்கள். மெஹரு அக்காவுக்குப் பக்கத்து ஸ்டூல்காரி நான், அவளை விட்டு எங்கே போக?

“மீதியை இப்பவே சொல்லு. ராத்திரி எனக்குத் தூக்கம் வராது” என்றாள் மெஹரு அக்கா.

“சார் வருவாரு அக்கா.”

“குனிஞ்சிக்கிட்டே சொல்லு.”

லைனில் பேசக்கூடாது. அதுவும் எனக்கு ஆறு மாதம் முடிந்து வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வாரம் பாக்கி. அதற்குள் ஒரு புகார் வந்தாலும் கேட்டோடு அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் வீட்டில் உடனே கல்யாணப் பேச்சு. இவ்வளவும் தெரிந்துதான் சொன்னேன். கயிறு கட்டும் இடத்தை நீட்டினேன், நன்றாகவே நீட்டினேன். அவள் எப்படிக் கயிற்றை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள், அவன் எப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றெல்லாம். நிமிர்ந்து பார்த்தால் மெஹரு அக்கா அழுகிறாள். மூக்கு ஒழுக அழுகிறாள். கை பாட்டுக்கு அப்பரை எடுத்து ஜோடி கட்டிக்கொண்டே இருந்தது.

“‘உங்களுக்கு என் சைஸ் எப்படித் தெரியும்?’னு கேக்கறான் அக்கா” என்றேன். அதோடு நின்றது. சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

கட்டு முடிந்த அப்பர்களை டிரேயில் வைத்து எடுத்துப் போனார்கள். மேலாக இருந்த ஜோடியைப் பார்த்தேன். ஒன்று வெல்லம், மற்றது கருப்பட்டி மாதிரி தெரிந்தது. எனக்குத்தான் கலர் தெரியாதே, மெஹரு அக்கா கட்டியது தப்பாகுமா என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அப்போதே வாயைத் திறந்திருந்தால் அந்த டிரே திரும்ப வந்திருக்கும். ஜோடி ஏன் தவறியது என்று கேட்பார்களே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் சாப்பிட்ட சாப்பாடு ஒட்டவில்லை. அந்த அப்பர்கள் சோல் ஒட்டும் பக்கம் போயிருக்கும், பாலிஷ் ஆகியிருக்கும், பெட்டிக்குள் போயிருக்கும் என்று பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே வருவேன். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் வந்து பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி திறந்து பார்ப்பார். திறக்காத பெட்டியில் இருக்கட்டும் என்று வேண்டாத சாமி இல்லை. மைக்கில் யார் பெயரைக் கூப்பிட்டாலும் என் காதில் என் பெயராக விழும். மெஹரு அக்காவோ ஒன்றும் தெரியாமல், “அந்த பதில் இன்னாடி?” என்று கேட்டபடி இருந்தாள். கதை சொல்லவே பயமாக இருந்தது எனக்கு. அப்புறம் அக்கா, அப்புறம் அக்கா என்று தள்ளிப்போட்டேன்.

பதினோராம் நாள் எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் வெள்ளை லைட்டுக்குக் கீழே மூன்று ஜோடி ஷூ. கலர் சேரவில்லை என்று எனக்கே தெரிந்தது.

“அன்னைக்கு டேபிள்ல யாரோ கதை சொல்லிட்டு இருந்தாங்களாமே. யாரு?” என்றார் மேனேஜர்.

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இடது வார் பிய்ந்திருந்தது, இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான்தான் சார் என்று இரண்டு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம்.

“யாரும் கதை சொல்லல சார்” என்றாள் மெஹரு அக்கா. “கொஞ்ச நாளாவே எனக்குக் கண்ணு சரியில்ல. கலர் குழம்புது. சொல்லாம வுட்டது என் தப்பு.”

கண் சரியில்லாதவளை செக்கிங் டேபிளில் யார் வைப்பார்கள்? மறுநாள் அவளை என் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள், என்னை அவள் இடத்தில். நான் கலர் பார்த்து ஜோடி சேர்த்தேன். அவள் நூல் வெட்டினாள், சில்வர் கோட்டைத் துடைத்தாள். நான் தப்பாகச் சேர்த்தால் ஒற்றை விரலால் ஒன்றை ஓரமாகத் தள்ளிவைப்பாள். அவள் தள்ளியதை மாற்றி எடுப்பேன். என் டேபிளிலிருந்தும் ஒரு ஜோடி திரும்பவில்லை. என் பெயரையும் லைனில் சொல்ல ஆரம்பித்தார்கள். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசும்.

அந்த பதிலை அவள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நானாகச் சொல்ல வாய் வரவில்லை. மற்றவர்கள் கேட்டபோது மெமரி கார்டு கெட்டுப்போச்சு என்றேன். நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை ஸ்டூல் காலியாக இருந்தது. வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் வேலை, குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்றார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் போன் நம்பர்கூட வாங்கி வைத்ததில்லை.

அந்த ஷெட்டில் இப்போது தையல் மிஷின் சத்தம் இல்லை. ஏதோ குடோன் என்கிறார்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வாலாஜாவில் எங்கள் தெரு முனையில் வேறொரு கம்பெனியின் பஸ் நிற்கும். பெண்கள் ஏறுகிறார்கள், ஆளுக்கொரு இயர்போன், ஆளுக்கொரு நாடகம். நன்றாகப் புரிகிற தமிழில்தான் பார்க்கிறார்கள், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அழுகிறவள் தனியாக அழுது, தனியாகத் துடைத்துக்கொண்டு இறங்குகிறாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி எபிசோடு. எழுந்து போக வேண்டும் என்று இருந்தவள் எழவில்லை. அதே கடை, அதே முட்டி, அதே கயிறு. “உங்களுக்கு என் சைஸ் எப்படித் தெரியும்?” என்று அவன் தமிழில் கேட்டான். அவள் நிமிரவில்லை. “எங்க தொழில் அப்படிங்க. கண்ணால பாத்தாலே தெரிஞ்சிடும்” என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். அவன் வாசலில் ஒரு நிமிஷம் நின்றான். கேமரா அவன் காலைக் காட்டியது.

“நிறுத்து, நிறுத்து” என்றேன்.

“இன்னாம்மா நீ!” என்று சலித்துக்கொண்டே மகள் நிறுத்தினாள்.

டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொண்டேன். இடது ஷூ வெல்லம். வலது கொஞ்சம் கருப்பட்டிப் பக்கம் போன மாதிரி இருந்தது. வெளிச்சமா, இல்லை நிஜமாகவே ஜோடி தப்பா? எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. ஒன்றைத் தள்ளிவைக்க அந்த விரல் அங்கே இல்லை.