டோப்ரிவோயின் பெட்டி மூச்சுவிட்ட கதை

நெகோட்டின் என்ற ஊரின் தொலைபேசி நிலையத்தில் டோப்ரிவோய் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். எந்தச் சாமான் வாங்கினாலும் அதோடு வந்த புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்து முடிக்காமல் பிளக்கைச் சொருக மாட்டார். காபிக்கொட்டை அரைக்கும் மெஷினுக்கே இரண்டு நாள் படித்தவர். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, இவளுக்கும் ஒரு புத்தகம் இருக்கான்னு எங்கப்பாகிட்ட கேட்டாரு" என்று அவர் மனைவி ஸ்பசேனியா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள். அதில் பாதிதான் பொய்.

ஊரே பஸ் பிடித்து இத்தாலிக்கு, திரியெஸ்தே நகரத்துக்குச் சாமான் வாங்கப் போய்க்கொண்டிருந்த காலம் அது. எண்பத்தைந்தாம் வருஷம் வசந்தத்தில் இவர்களும் போனார்கள். ஜீன்ஸும் காபியும் ஸ்பசேனியா பொறுப்பு, சலவைத்தூள் டோப்ரிவோய் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். நாலு மணிக்கு மனிதர் பஸ்ஸடிக்கு வந்தபோது தோளில் சவப்பெட்டி நீளத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி.

"சலவைத்தூள் எங்கே?"

"சிந்தசைசர் வாங்கிட்டேன்."

"அது துணி துவைக்குமா?"

டோப்ரிவோய் பெட்டியைத் தோளிலிருந்து மெல்ல இறக்கி வைத்தார். கடை ஜன்னலில் அந்த மின்சார வாத்தியத்தைப் பார்த்து, விற்பவன் ஒரு குமிழைத் திருப்பியதும் ஒற்றைக் குரல் வயலினாகி, மணியாகி, காற்றாகிப் போனதைக் கேட்டு, ஒரு மணி நேரம் வாய் பிளந்து நின்றதை எப்படிச் சொல்வது? தொலைபேசி நிலையத்தில் இருபது வருஷமாக அவர் கேட்டதெல்லாம் இரண்டே ஓசை. ஒன்று மணி, இன்னொன்று எங்கேஜ்.

எல்லையில் சுங்க அதிகாரி பஸ்ஸுக்குள் ஏறியபோது ஸ்பசேனியா தன் கோட்டைப் பெட்டிமேல் போர்த்தி, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா அது?"

"இஸ்திரி மேசை."

அதிகாரி கோட்டின் ஓரத்தைத் தூக்கினார். பெட்டிமேல் பெரிதாகப் படம் போட்டிருந்தது. "இஸ்திரி மேசைல எதுக்குமா பியானோ கட்டை?"

"காலருக்கு" என்றாள் ஸ்பசேனியா, கண் இமைக்காமல். அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். வீடு வந்து சேரும்வரை அவள் கணவனோடு பேசவில்லை. ஆனால் அந்தப் பெட்டியைக் காப்பாற்றியவள் அவள்தான் என்பதைப் பிற்காலத்தில் ஒருநாளும் மறக்கவிடவும் இல்லை.

சிந்தசைசரோடு வந்த புத்தகம் இத்தாலிய மொழியில் இருந்தது. டோப்ரிவோய்க்கு இத்தாலியம் தெரியாது. இதனால் அவருக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சமல்ல. அகராதி வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்து முடிக்க நாலு வாரம் ஆயிற்று. ஊறுகாய் ஜாடிகள் இருந்த அறையில் ஓர் அலமாரியைக் காலி செய்து பெட்டியை வைத்தார். ஆம்ப்ளிபயருக்கு ஓர் ஒயர், ஸ்பீக்கருக்கு ஓர் ஒயர், மின்சாரம் ஏறி இறங்காமலிருக்க ஸ்டெபிலைசர், ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர் எழுதிய காகிதச் சீட்டு. எல்லாம் முடித்து ஸ்விட்சைப் போட்டால், வந்த முதல் ஓசை 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல்.

"நம்ம வீட்டு ஃபிரிட்ஜுகூட இதைத்தான் வாசிக்குது" என்றாள் ஸ்பசேனியா.

எந்த ஒயரில் எர்த் சரியில்லை என்று கண்டுபிடிக்க மூன்று நாள். அதற்கப்புறம்தான் பெட்டியின் குணம் தெரிந்தது. போட்டவுடன் சுருதியில் நிற்காது. அரை மணி நேரம் உள்ளே சூடேற வேண்டும். குளிர்காலத்தில் டோப்ரிவோய் அதன்மேல் கம்பளி போர்த்திவிட்டுக் காத்திருப்பார். "தொட்டிலும் வாங்கிடலாமா?" என்பாள் மனைவி. ஒரு குமிழ் ஓசையை இருட்டாக்கும், வெளிச்சமாக்கும். இன்னொன்று ஓசை சட்டென எழவேண்டுமா, மெல்ல எழவேண்டுமா என்று முடிவு செய்யும். ஒரு வருஷத்துக்குள் டோப்ரிவோய் சிட்டுக்குருவியைக் கொண்டுவந்தார், டான்யூப் ஆற்றில் போகும் படகின் சங்கைக் கொண்டுவந்தார், குழாயில் நீர் சொட்டும் ஓசையைக் கொண்டுவந்தார். அந்தக் கடைசி ஓசைக்குக் கீழ்வீட்டுக்காரர் பிளம்பரையே கூட்டிவந்துவிட்டார்.

ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. வாசிக்க வரவில்லை. டோப்ரிவோயின் விரல்கள் ஸ்க்ரூ முடுக்கப் பிறந்தவை. இரண்டு பாட்டு தெரியும், அதையும் மூன்று விரலால், ஒவ்வொரு கட்டையாக விலாசம் விசாரித்துக்கொண்டு போவதுபோல வாசிப்பார்.

அந்த ஊரில் வாசிப்பு என்றால் திஹோமிர்தான். அக்கார்டியன்காரர். அவர் துருத்தியை விரித்தால் கல்யாணப் பந்தலில் கிழவர்கள் கைத்தடியை வீசிவிட்டுக் கோலோ ஆட வட்டம் சேர்ந்துவிடுவார்கள். பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒருநாள் பார்க்க வந்தார். ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே அதை ஒருமுறை சுற்றி வந்தார், கீழே குனிந்தும் பார்த்தார்.

"என்னய்யா தேடுற?" என்றார் டோப்ரிவோய்.

"இது எது வழியா மூச்சு விடுதுன்னு பாக்கறேன்."

"இது எதுக்குய்யா மூச்சு விடணும்? கரண்ட்ல ஓடுது."

"மூச்சு விடாததெல்லாம் ஒரு வாத்தியமாய்யா? மிளகாய் ஊறுகா நல்லாருக்கு, ஒரு ஜாடி குடு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வார்த்தை டோப்ரிவோய்க்கு முள்ளாகத் தைத்தது. அன்றிலிருந்து அழைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் கல்யாணத்துக்கும் போனார். சாப்பிடமாட்டார், ஆடமாட்டார். திஹோமிருக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வீட்டுக்கு வந்து குமிழ் திருப்புவார். அக்கார்டியனில் ஒரே சுரத்துக்கு இரண்டு உலோக நாக்குகள், ஒன்றுக்கொன்று மயிரிழை விலகி நின்று நடுங்கும் என்று கண்டுகொண்டார்; பெட்டியிலும் இரண்டு குரலை மயிரிழை விலக்கி வைத்தார். அப்போதும் அது ஏதோ ஓர் அக்கார்டியனாகத்தான் இருந்தது, திஹோமிருடையதாக இல்லை. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞானஸ்நான விருந்தில் விஷயம் பிடிபட்டது. திஹோமிரின் துருத்தியில் ஒரு கிழிசல் இருந்தது. பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். அதையும் மீறி ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் 'ஹ்ஹ்' என்று சின்னப் பெருமூச்சு ஒன்று கசிந்தது. டோப்ரிவோய் விருந்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். பெட்டியில் காற்றோசை போடுகிற குமிழ் உண்டு. அதில் ஒரு சிட்டிகை எடுத்து, ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் தூவினார்.

சமையலறையிலிருந்து ஸ்பசேனியா எட்டிப் பார்த்தாள். "திஹோமிர் எப்ப வந்தாரு? காபி வைக்கவா?"

டோப்ரிவோய் அழுதுவிட்டார். நான் மிகைப்படுத்தவில்லை, வெங்காயம் உரித்ததாகச் சொல்லிச் சமாளித்தாராம், அந்த அறையில் வெங்காயமே கிடையாது.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு யாருக்கும் அவர் அதை வாசித்துக் காட்டவில்லை. குமிழ்களின் நிலையைக் கேசட்டில் பதிந்து வைத்தார். அந்தப் பெட்டி தன் ஞாபகத்தையெல்லாம் கீச்சென்ற இரைச்சலாகத்தான் கேசட்டில் கக்கும். பாட்டு கேசட் என்று நினைத்து ஸ்பசேனியா அதைப் போட்டுவிட்டு, "யாரு பாடறது? பல்லப் புடுங்கறாங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அந்தக் கண்டுபிடிப்புக்குக் கிடைத்த பாராட்டு.

எண்பத்தெட்டாம் வருஷம் செப்டம்பர் தொடக்கத்தில் பிளம் பழம் உலுக்க மரத்தில் ஏறிய திஹோமிர், பழத்தோடு சேர்ந்து தானும் விழுந்தார். இடது கை முறிந்தது. விரல் நுனியிலிருந்து தோள்வரை மாவுக்கட்டு. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கடை பிளகோயேயின் மகளுக்குக் கல்யாணம். முந்நூறு பேருக்குச் சொல்லியாயிற்று. கல்யாண சீசன், சுற்றுவட்டாரத்தில் வேறு ஒரு அக்கார்டியன்காரரும் காலியாக இல்லை. ரொட்டி வாங்கப் போன ஸ்பசேனியாவிடம் பிளகோயே தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கார்டியன் இல்லாம பொண்ண எப்படி அனுப்பறது? ரேடியோ வெச்சா?"

"எங்க வீட்டுக்காரரு திஹோமிர ஒரு பெட்டிக்குள்ள அடைச்சு வெச்சிருக்காரு" என்றாள் ஸ்பசேனியா.

மாலையில் செய்தி கேட்ட டோப்ரிவோய்க்கு முகம் வெளுத்தது. "அடிப்பாவி, எனக்கு ரெண்டு பாட்டுதான் தெரியும்!"

"கல்யாணம் ஒண்ணுதானே, ரெண்டு பாட்டு போதாதா?"

கல்யாணம் பிளகோயே வீட்டுத் தோட்டத்தில். காலை ஒன்பதுக்கே டோப்ரிவோய் போய்விட்டார். ஒயர்களை விரித்தார், சீட்டுகளைப் படித்தார், பிளக்கைச் சொருகினார், சூடேறக் காத்திருந்தார். திஹோமிர் குழுவின் டிரம்ஸ்காரர் தன் சாமான்களைப் பத்து நிமிஷத்தில் வைத்துவிட்டு, ஒரு கிண்ணம் ரக்கியாச் சாராயம் குடித்துவிட்டு, "மாஸ்டர், இது கல்யாணமா, ராக்கெட் விடப் போறோமா?" என்றார். பதினோரு மணிக்குச் சுருதி கச்சிதம். பன்னிரண்டுக்கு வெயில் மரக்கிளையைத் தாண்டி நேராகப் பெட்டிமேல் விழுந்தது. பெட்டி கொதித்தது, சுருதி மேலே மேலே போயிற்று. ஒத்திகை பார்த்த பாடகி வெரித்சா நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இந்தப் பெட்டி மரம் ஏறுதுண்ணே. ஏற்கெனவே ஒருத்தர் மரம் ஏறினது போதாதா?"

டோப்ரிவோய் பிளகோயேயின் கடைக் குடையைப் பிடுங்கிவந்து பெட்டிக்கு நட்டார். மாப்பிள்ளைக்குக்கூட அன்று நிழல் கிடையாது.

இரண்டு மணிக்கு விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள். பெண் வீட்டைவிட்டு வெளியே வரும் நேரத்துப் பாட்டு, மெதுவானது, டோப்ரிவோய்க்குத் தெரிந்த இரண்டில் ஒன்று. கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தொடங்கினார். 'ஹ்ஹ்' என்று ஒரு பெருமூச்சு, பிறகு சுரம். மேசைகளில் முட்கரண்டிகள் நின்றன. எல்லோரும் திரும்பி, மூன்றாவது மேசையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த திஹோமிரைப் பார்த்தார்கள். ஓசை அவருடையது, சந்தேகமே இல்லை. ஆனால் வாசிப்பு? ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கறி அடைத்த ஒரு முழு முட்டைகோஸ் உருண்டையைத் தின்று முடித்துவிடலாம். பெண் இரண்டு படி இறங்கிவிட்டு அடுத்த சுரத்துக்காகக் காலைத் தூக்கியபடி நின்றாள்.

திஹோமிர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தார். முகம் மிளகாய்ச் சிவப்பு.

"யார்யா என் வீட்டுக்குள்ள போயி அக்கார்டியன எடுத்தது?"

"யாரும் எடுக்கல. பெட்டிதான்."

"பெட்டியா? இந்தப் பெருமூச்சு என்னோடது! பிளாஸ்திரி ஒட்டின எடம் அது. தப்பையும் சேர்த்தாய்யா திருடுவ?"

"அத விட்டுட்டா அது நீயே இல்லையேய்யா" என்றார் டோப்ரிவோய். "ரெண்டு வருஷம் கேட்டேன். வேற எப்படிக் கொண்டுவரதுன்னு எனக்குத் தெரியல."

இருபத்தெட்டு வருஷமாகத் திஹோமிரின் வாசிப்புக்கு ஆடியிருக்கிறார்கள், குடித்திருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள். அவருடைய கிழிசல்வரை ஒருவன் உட்கார்ந்து கேட்டான் என்பது அவருக்குப் புதிது. பெண் இன்னும் காலைத் தூக்கியபடி நின்றிருந்தாள்.

"தள்ளு" என்றார் திஹோமிர்.

பாதி ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையைக் கட்டைகள்மேல் வைத்தார். பாட்டு ஓட ஆரம்பித்தது. பெண் படியிறங்கினாள், அவள் அம்மா அழுதாள், எல்லாம் முறையாக நடந்தது. இரண்டு வருஷம் தான் தவம் கிடந்த ஓசை அடுத்தவன் விரல் பட்டதும் இப்படிப் பூக்கிறதே என்று டோப்ரிவோய்க்குப் பொறாமை, மறைப்பானேன். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார்.

அப்போதுதான் கவனித்தார். திஹோமிரின் இடது தோள், மாவுக்கட்டோடு, துடித்துக்கொண்டிருந்தது. இல்லாத துருத்தியை இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை வாசித்தாலும் பெட்டியின் ஓசை ஒரே மட்டத்தில் தட்டையாக நின்றது. தோள் கேட்டது கிடைக்கவில்லை. டோப்ரிவோய் வால்யூம் குமிழில் கை வைத்தார். தோள் விரிந்தால் குமிழை ஏற்றினார், தோள் சுருங்கினால் இறக்கினார். இன்னொரு கையால் ஓசையை வெளிச்சமாக்குகிற குமிழைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவருக்கு அடுத்த மூச்சு எங்கே வரும் என்று தோள் சொல்வதற்கு முன்பே தெரிந்திருந்தது.

திஹோமிர் வாசிப்பதை நிறுத்தாமல் அவர் பக்கம் திரும்பினார். "நீயாய்யா இழுக்கற?"

"ஆமா."

"கொஞ்சம் சீக்கிரமா இழு. கோலோ வருது."

கோலோ வந்தது. ஒன்றரை மணி நேரம் நிற்கவில்லை. முந்நூறு பேரும் எழுந்து தோட்டத்தைச் சுற்றி, ரொட்டி அடுப்பைச் சுற்றி, தெருவுக்குப் போய் வந்தார்கள். டோப்ரிவோயின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பிளகோயே வியர்வை ஒழுக வந்து இருவர் வாயிலும் ஆட்டிறைச்சித் துண்டைத் திணித்துவிட்டுப் போனார். நாலு கையில் மூன்று வேலையில் இருந்ததால் வேறு வழியில்லை.

ஸ்பசேனியா ஆடியபடியே அவர்களைக் கடந்தபோது, "இந்த ரெண்டு பேரும் சேந்து ஒரு முழு ஆளு!" என்று கத்தினாள். சிரிப்பு மேசைக்கு மேசை ஓடியது.

கட்டு பிரித்தபிறகு திஹோமிர் அக்கார்டியனுக்குத் திரும்பினார். ஆனால் அந்த வருஷமே நவம்பரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகும் வழியில் டோப்ரிவோய் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். "பெட்டிய ஏத்துய்யா. மெதுவான பாட்டுக்கு அதான் நல்லாருக்கு. என் கைக்கும் கொஞ்சம் ஓய்வு." கையைப் பற்றிய பேச்சு பொய் என்று இருவருக்கும் தெரியும்.

அப்புறம் பதினோரு வருஷம் சேர்ந்து வாசித்தார்கள். ஒரு ஸ்டூல் போதாது என்று வெல்டரிடம் சொல்லி ஒரு நீள பெஞ்சு செய்து வாங்கினார்கள். அதில் முக்கால் பங்கை எப்போதும் திஹோமிரே பிடித்துக்கொள்வார், டோப்ரிவோய் ஓரத்தில் ஒரு தொடையை மட்டும் வைத்துத் தொங்குவார். ஒருமுறை கோலோவின் உச்சத்தில் டோப்ரிவோய் பெஞ்சிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தார். விழுந்தவர் குமிழை விடவில்லை. கீழே உட்கார்ந்தபடியே கையை மேலே நீட்டித் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எந்திரிய்யா" என்றார் திஹோமிர்.

"இருய்யா, இந்த அடி முடியட்டும்" என்றார் டோப்ரிவோய் புல்லிலிருந்து.