கரிக்கை பட்ட காகிதம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேரும் பத்தாவது பாஸ். நீலசந்திராவில் எங்கள் லைன் வீடுகளில் அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். நான் மட்டும் ஹைஸ்கூலிலேயே இருபத்திரண்டு வருஷம் இருந்தும் ஒரு வகுப்பும் தேறவில்லை. பெருக்கிக்கொண்டும் மணி அடித்துக்கொண்டும் இருந்தவளுக்கு யார் பாஸ் போடுவார்கள்?

போன வாரம் பேத்தி காவ்யா ஒரு காகிதத்தை நீட்டினாள். ஒன்பதாவது படிக்கிறாள். அவள் அம்மா மல்லிகா என் மூன்றாவது பெண். பொம்மசந்திராவில் கம்பெனி வேலை, விடியும்போதே பஸ் வந்துவிடும். அதனால் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தெல்லாம் என் பொறுப்பு.

“இன்னாடி இது?”

“காலேஜ்லருந்து ஆராய்ச்சி பண்ண வர்றாங்க ஆயா. ஹைஸ்கூல் பசங்க எப்டி இருக்காங்க, எவ்ளோ நேரம் தூங்கறாங்க, எதுக்கு பயப்படறாங்கன்னு கேப்பாங்களாம். வீட்ல சரின்னாதான் கேப்பாங்க. சைன் போடு.”

பேனாவைக் காகிதத்தின்மேல் வைக்காமலே பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரித்தாள். “இன்னா ஆயா, சொத்து எழுதிக் குடுக்கற மாதிரி பயப்படறியே!”

போட்டுக் கொடுத்துவிட்டேன். அவள் போனபிறகு பார்க்கிறேன், பேனா கசிந்து கட்டைவிரலில் கறுப்பாக மை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் ரேகைக்குள் இருந்தது போகவில்லை. அதைப் பார்த்ததும் சமைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கறுத்த விரல் என்றால் எனக்கு ஊதுவத்திதான். மல்லிகா படிக்கிற காலத்தில் எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் வத்தி உருட்டுவோம். கரித்தூளில் பசைத்தூளைக் கலந்து பிசைந்து, பலகையில் வைத்து, மூங்கில் குச்சியில் உள்ளங்கையால் உருட்டவேண்டும். வாசனை கம்பெனியில் சேர்ப்பார்கள். எங்களிடம் இருக்கும்போது அதில் ஈரக் கரியின் வாசனை மட்டும்தான். எத்தனையோ சாமிகளுக்கு வத்தி உருட்டினேன், ஒரு வாசனையும் என் கையில் ஒட்டவில்லை. கறுப்புதான் ஒட்டியது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு பலகை போட்டு உட்காருவார்கள். பிறகு எலுமிச்சைத் தோல், சீயக்காய், மண் எதைப் போட்டுத் தேய்த்தாலும் ரேகையில் ஏறியது இறங்காது. வகுப்பில் கையை டெஸ்குக்கு அடியில் ஒளித்துக்கொள்வார்கள்.

ஒன்பதாவதில் அப்படி ஆறேழு கறுத்த கைகள். மல்லிகாவுடையது ஒன்று. அவள் பக்கத்தில் உட்காரும் அமுலுவுடையது ஒன்று. அமுலு இரண்டு சந்து தள்ளிச் சித்தப்பா வீட்டில் இருந்தாள். தாய் தகப்பன் இல்லை. மெலிந்த பெண், வாய் திறக்கமாட்டாள். சாயங்கால மணி அடித்தபிறகும் வீட்டுக்குப் போகாமல் என்னோடு சேர்ந்து ஜன்னல் சாத்துவாள். ஒரு ஜன்னலைச் சாத்திவிட்டு, சரியாக மூடவில்லை என்று மறுபடி திறந்து சாத்துவாள். “போடி, வீட்ல தேடப் போறாங்க” என்பேன். “இன்னும் ஒண்ணு இருக்கு ஆயம்மா” என்பாள். என்மேல் பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அளவுதான் எனக்குப் புத்தி.

எனக்கு எழுத்துத் தெரியும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் கரும்பலகையைத் துடைப்பதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் துடைப்பேன். மல்லிகாவிடம்கூடச் சொல்லவில்லை. நன்றாக வந்தபிறகு சொல்லி அசத்தலாம் என்று ஒரு கர்வம். நன்றாக இன்னும் வரவில்லை. ஒற்றைக்கொம்பு எங்கே, இரட்டைக்கொம்பு எங்கே என்று இப்போதும் நின்று யோசிக்கிறேன்.

அப்போதுதான் ஒரு காலேஜிலிருந்து இரண்டு மேடம்கள் வந்தார்கள். இதே ஆராய்ச்சிதான், பிள்ளைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று. அவர்கள் வரப்போகிற சேதி கேட்டதுமே லைனில் பயம் பிடித்துக்கொண்டது. குழாயடியில் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாக்கா சொன்னாள்:

“வத்தி உருட்ற புள்ளைங்க யாருன்னு எழுதி வாங்கிக்கினு போறாங்களாம். அப்புறம் ஜீப்பு வருமாம். ஏத்திக்கினு போயி ஹாஸ்டல்ல போட்டா பதினெட்டு வயசு வரிக்கும் கண்ல காட்டமாட்டாங்களாம்.”

“யாருக்கா சொன்னாங்க?”

“யார் சொன்னா இன்னா? ஸ்கூல்ல வேல செய்றவ நீ, உம் பொண்ணே உருட்றா. மொதல்ல உன்னத்தான் நிக்க வெச்சு கேப்பாங்க.”

மறுநாள் காலையில் மல்லிகாவிடம், “வூட்டு விசயம் ஒண்ணும் எழுதி வெக்காதடி” என்றேன். அவள் அடுத்த குச்சியை எடுத்து உருட்டினாள். காதில் வாங்கினாளா இல்லையா என்று தெரியாதது என்னை இன்னும் பயமுறுத்தியது.

மேடம்கள் நல்ல மாதிரி. பிள்ளைகளிடம் அன்பாகத்தான் பேசினார்கள். பெயர் எழுதவேண்டாம், மனதில் இருப்பதை எழுதுங்கள் என்றார்கள். எழுதிய காகிதத்தை நாலாக மடித்து ஓர் அட்டைப்பெட்டியின் பிளவுக்குள் போடவேண்டும். மத்தியானம் அவர்கள் பத்தாம் வகுப்புக்குப் போகவேண்டியிருந்தது. பெட்டியை யாரிடம் கொடுப்பது? பெரிய மேடம் என்னைக் கூப்பிட்டு, வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னார்:

“ஆயம்மாகிட்ட இருக்கட்டும். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீங்க பயப்படவே வேணாம்.”

பிள்ளைகள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். எனக்கு முகம் எரிந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் என் துடைப்பங்கள் வைக்கிற இடத்துக்குப் போனேன். வாத்தியார்களுக்கு டீ போடுகிற ஸ்டவ்வும் அங்கேதான்.

ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன், பாலை ஏற்றினேன். கண் பெட்டியைவிட்டு நகரவில்லை. இதற்குள் மல்லிகா என்ன எழுதினாளோ, ஜீப்பு வருமோ. வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தால்கூடத் தூக்கிப்போட்டது. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, பிளவுக்குள் விட்டு, ஒவ்வொரு காகிதமாக வெளியே இழுத்தேன். பெயர் இல்லைதான். ஆனால் ஒன்றின் ஓரத்தில் கட்டைவிரல் கறுப்பாக, ரேகை ரேகையாகப் பதிந்திருந்தது. மல்லிகா என்று முடிவு கட்டிவிட்டேன். மற்ற கறுத்த கைகள் என் நினைவுக்கே வரவில்லை. பயத்தில் இருக்கிற தாய்க்குத் தன் பிள்ளை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

பிரித்து எழுத்துக் கூட்டினேன். நாலைந்து கட்டங்களில் டிக். அடியில் இரண்டு வரி. வெகுநேரம் பிடித்தது.

‘வீட்டுக்குப் போக பயமாக இருக்கிறது. யாராவது வந்து கேட்டால் சொல்கிறேன்.’

என் வீட்டுக்கு வர என் பெண்ணுக்குப் பயமா? எத்தனை பாடுபட்டு வளர்க்கிறேன்! கோபமும் பயமும் சேர்ந்து கண்ணை மறைத்தது. அதை ஸ்டவ்வில் காட்டினேன். ஒரு நொடிதான், சுருண்டுபோனது. மேலே பால் பொங்கியது. அந்தப் பாலில் போட்ட டீயைத்தான் நாலு மணிக்கு மேடம்களுக்கும் கொடுத்தேன்.

பெரிய மேடம் எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். “நாப்பத்தொரு பிள்ளைங்க, நாப்பதுதான் இருக்கு. ஒண்ணு குறையுதே ஆயம்மா?”

“எனக்கு இன்னா தெரியும் மேடம், நான் படிக்காதவ” என்றேன்.

நம்பிவிட்டார். யாரோ போடாமல் விட்டிருப்பார்கள் என்று எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அடக்கமுடியாமல் மல்லிகாவைப் பிடித்தேன். “எழுதவேணாம்னு சொன்னேன்ல? இன்னாடி எழுதின?”

“ஒண்ணும் எழுதலம்மா. டிக்குதான் போட்டேன். எல்லாருந்தான் போட்டாங்க. அமுலுதான் கடைசில என்னமோ எழுதிக்கினே இருந்தா. அவ பேனா எழுதலன்னு என்னுத குடுத்தேன்.” நிமிர்ந்து பார்த்தாள். “ஏம்மா கேக்குற?”

“சும்மா” என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து அமுலுவைப் பார்க்கப் பயந்தேன். பார்க்காமலும் இருக்கமுடியவில்லை. கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். தபால்காரர் வந்தாலும், சாக்பீஸ் கொண்டுவருகிறவர் வந்தாலும் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். யாரைத் தேடுகிறாள் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். மேடம்கள் இன்னொரு தடவை வந்து, எல்லாருக்கும் நன்றி சொல்லி மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று நான் கக்கூஸ் கழுவுகிறேன் என்று பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். சொன்னால் வேலை போகும். எல்லார் முன்னாலும் திருடியாக நிற்கவேண்டும். ஒரு வார்த்தை, அமுலுவிடமாவது, ‘இன்னாடி கண்ணு, வீட்ல இன்னா’ என்று கேட்டிருக்கலாம். வந்து கேட்டால் சொல்கிறேன் என்றுதானே எழுதியிருந்தாள். நான் கேட்கவில்லை. சாயங்காலம் அவள் ஜன்னல் சாத்த வந்தால், “நான் பாத்துக்கறேன், நீ போ” என்று அனுப்பினேன்.

காலாண்டுப் பரீட்சைக்கு அவள் வரவில்லை. சித்தப்பா வீட்டுக் கதவில் பூட்டு. மாலூர் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள் என்று ஒருத்தர், வீட்டு வேலைக்கு எங்கேயோ விட்டுவிட்டார்கள் என்று ஒருத்தர். ஹெட்மாஸ்டர் பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்புக் கோடு போட்டார். அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடமே இல்லை. தமிழ் மீடியத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து, மூடி, இடித்து, ஐந்து மாடி வீடு வந்துவிட்டது. லைன் வீடுகளும் போயின. வத்தியை மெஷின் உருட்டுகிறது. ஜீப்பு அன்றும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. போன வாரம் சைன் போட்ட அன்று, காவ்யா திரும்பி வந்ததும் கேட்டேன், பதிலையெல்லாம் யாரிடம் கொடுத்துவைப்பார்கள் என்று. “டேப்லட் ஸ்க்ரீன்ல தொட்டாப் போதும் ஆயா, நேரா அவங்களுக்குப் போயிரும்” என்றாள். நடுவில் என்னைப்போல் ஒருத்தி இல்லை. அதைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டினேன்.

அமுலு எங்கேயாவது இருந்தால் மல்லிகாவின் வயதுதான். இருக்கிறாளா என்று கேட்க ஆள் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை, மல்லிகா வீட்டில் இருக்கிறாள். இத்தனை வருஷமாக அவளிடம் சொல்லாததை இந்த நோட்டில் எழுதிவிட்டேன். காவ்யா, இங்கே வா, உட்கார். முதலிலிருந்து சத்தமாகப் படி. எழுத்து தப்பாக இருந்தால் திருத்திக்கொள், நான் செய்ததைத் திருத்தாதே. உங்கள் அம்மா நடுவில் எழுந்து போனாலும் நிறுத்தாமல் படி.