'ஐ பெக்' என்று தொடங்கிய மனு

மலாயாவில் சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபிசில் இரண்டு வருஷம் பியூனாக இருந்தேன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவன் நான். மிச்ச ஆங்கிலம் எனக்குத் துரைக்கு வந்த மனுக்களிலிருந்து கிடைத்தது. லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று எழுத வந்தவன்கூட 'ஐ பெக்' என்றுதான் தொடங்குவான். அதற்கெல்லாம் ஆபிசில் ஒரு வரிசை இருந்தது. கிராணிக்குக் கிராணி, அதாவது குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா, எழுதினால் 'ரிக்வெஸ்ட்'. துரைக்கு என்றால் 'பெக்'. சர்க்காருக்கு என்றால் 'ப்ரே', சாமியிடம் கேட்கிற மாதிரி. வீட்டில் சாவு விழுந்திருந்தால் 'இம்ப்ளோர்'. 'ஹம்ப்ளி' எல்லாவற்றிலும் உப்பு மாதிரி விழும். ஒழுகுகிற கூரை கடிதத்தின் வாலில் எங்கேயாவது தொங்கிக்கொண்டிருக்கும். துரை பாதிக் கடிதங்களை அதுவரை படித்ததே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்தச் சொற்கள் எனக்குத் தெரியும் என்பதில் பெருமை வேறு.

ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடினார், எனக்கு வேலை போயிற்று. ஜித்ரா வரை நடந்தேன். அங்கே கொஞ்ச நாள் விறகு வெட்டினேன், மலேரியாவில் கிடந்தேன். இரண்டாவது வருஷம் பழைய தோட்டத்துக்கே மரவள்ளி நட வந்து சேர்ந்தேன். அப்போதுதான் ஜப்பான்காரன் காட்டுக்குள் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் லயத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன் ஒருவனுக்கு வலது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை புண். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்து மாதக்கணக்காகிவிட்டது. அவன் பெண்டாட்டி வெந்நீரில் கழுவிப் பழந்துணியைச் சுற்றிவிடுவாள். வெட்டுக்குப் போகாத ஆள் என்பதால் வேலை வாங்குகிற மண்டோர் அவன் பெயரைத்தான் முதலில் லிஸ்டில் எழுதினான்.

அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க ஆபிஸ்ல இருந்தவரு. ஒரு காயிதம் எழுதித் தாங்க. கால் அழுகிப்போச்சு, நடக்க முடியாது, வந்து பாருங்க. அவ்வளவுதான்."

"அப்படி எழுதுனா குப்பையில போட்டுருவான்மா. கேக்குறதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

"கால் அழுகிருக்குன்னு சொல்றதுக்கு என்னாண்ணே முறை?"

உள்ளே படுத்திருந்தவன் சிரித்தான். "எழுதட்டும் விடு. அண்ணன் இங்கிலீஷப் பாத்தாலே என் புண்ணு ஆறிரும்லா."

ஆங்கிலம் கூடாது என்று உத்தரவு. ஆனால் ஜப்பான் எழுத்து எழுத எங்களில் யாருக்குத் தெரியும்? ஜப்பான் ஆபிசில் கண்டும் காணாமல் வாங்கிக்கொள்வார்கள். பழைய தோட்டத்துக் காகிதம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் இறக்கினேன். முதல் நான்கு வரியில் 'பெக்' மட்டும் மூன்று முறை.

மறுநாள் அவளும் நானும் சுங்கைப் பட்டாணி டவுனில் இருந்த ஜப்பான் ஆபிசுக்கு நடந்தோம். அவனால் வர முடியாது. அந்த ஆபிசில் மொழிபெயர்ப்புக்கு இருந்தவர் டவுன் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. ஆங்கிலம் நன்றாகப் படித்தவர், ஜப்பான் பாஷையும் கற்றிருந்தார். காகிதத்தைப் பார்த்ததும், "யாருங்க எழுதுனது, நீங்களா? அப்படியே பழைய தொரை ஆபிஸ் ஸ்டைலு" என்றார். அவருக்குப் புரிந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஜப்பான் அதிகாரிக்குத் தானே படிக்க வேண்டும் என்று ஆசை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அகராதியை எடுத்தார். விரல் 'பெக்' மேல் நின்றது. பக்கத்தைப் புரட்டினார். அடுத்த வரியில் மறுபடியும் 'பெக்'. அதற்கும் கீழே இன்னொன்று. நிமிர்ந்து மலாயில் கேட்டார்: "இனி ஓராங் மிந்தா செடெக்கா?" இந்த ஆள் பிச்சை எடுப்பவனா என்று. அவர் அகராதியில் 'பெக்' என்றால் அதுதான் போலிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். இல்லை ஐயா, அது கடிதம் எழுதுகிற ஒரு முறை என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் இடுப்பை வளைத்து "ஹாய்" என்றார். ஜப்பான் பாஷையில் ஆமாம் என்று.

எனக்கு மலாய் தெரியாதா? 'புக்கான், துவான்', இல்லை ஐயா, என்று இரண்டு சொல். கதவருகே நின்ற சிப்பாய் கொஞ்சம் முன்னால்தான் ஒரு கிழவரை, சரியாகக் குனியவில்லை என்று அறைந்திருந்தான். என் வாய் திறக்கவில்லை.

அவள்தான் கத்தினாள். "புக்கான், துவான்! காக்கி! காக்கி பூசோக்!" கால் அழுகிவிட்டது என்று தன் காலைத் தூக்கி அதைத் தட்டித் தட்டிக் காட்டினாள். அந்தக் காலில் புண் இல்லை. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, நிப்பான் ஆட்சியில் பிச்சைக்காரர் கிடையாது, எல்லாருக்கும் வேலை உண்டு என்று நிதானமாகச் சொன்னார். லிஸ்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஏதோ எழுதினார்.

"சத்தம் போடாத, வெளிய போம்மா" என்று எங்களைத் தள்ளிக்கொண்டு வந்த மொழிபெயர்ப்பாளர் வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவனுக்கு இங்கிலீஷ் தெரியும்னு நெனச்சிக்கிட்டிருக்கான். தப்புன்னு சொன்னா என்னை அறைவான்லா."

ஒரு அறை! இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவரை மட்டும் திட்டி என்ன பயன்? ஒரு கூரைக்கும் ஒரு பிடி மருந்துக்கும் ஆளைப் பிச்சைக்காரனாக்கி எழுத வைத்த வெள்ளைக்காரனை எதில் சேர்ப்பது? அதைப் படிப்பு என்று நம்பி அவள் தலையில் கட்டிய என்னை எதில் சேர்ப்பது?

மூன்றாம் நாள் காலையில் லாரி வந்தது. இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் துணியை அவிழ்த்துக் காட்டினாள். நாற்றத்தில் சிப்பாய் மூக்கைப் பிடித்துக்கொண்டான், கொஞ்சம் தயங்கினான். பிறகு லிஸ்டைப் பார்த்தான். சிவப்பு மையைப் பார்த்தான். ஏற்று என்று கையைக் காட்டினான். போனவன் திரும்பவில்லை. எங்கே இறந்தான் என்றுகூட யாரும் வந்து சொல்லவில்லை.

லாரி போன பிறகு, அவிழ்த்த துணி இன்னும் கையில் இருக்க, அவள் கேட்டாள்.

"அண்ணே, அந்தக் காயிதத்துல என்னாதான் எழுதுனீங்க? தமிழ்ல சொல்லுங்க."

சொன்னேன். தங்கள் திருவடிகளில் பணிந்து இந்த ஏழை தெரிவித்துக்கொள்ள மன்றாடுவது என்னவென்றால் என்று தொடங்கி ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். தமிழில் சொல்லச் சொல்ல என் குரலே எனக்குக் கூசியது. அவள் குறுக்கே பேசாமல் நான்கு வரியும் கேட்டாள்.

"காலு எங்கண்ணே?"

"அஞ்சாவது வரியில."

"அவன் நாலுலயே நிறுத்திட்டான்" என்றாள். பிரட்டுக்குப் பெயர் கூப்பிடுகிற நேரம் ஆகியிருந்தது. துணியை இடுப்பில் செருகிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள்.