நிற்க மறுத்த மெஷினும் என் தங்கச்சி புருஷனும்

என் வீட்டில் சோப்பைக் கடையில் வாங்க வேண்டிய நிலைமை வந்ததற்கு ஒரே காரணம் என் தங்கச்சி புருஷன். பல வருஷமாக இதை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன்.

நான் சோப்பு ஃபேக்டரியில் ஃபிட்டர். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நின்றுபோன மெஷினை யார் ஓட வைக்கிறாரோ, அது ஓடியதும் வந்து விழுகிற முதல் சோப்பு அவருக்கு. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. மேனேஜர்கூடக் கண்டுகொள்ள மாட்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் மெஷின்கள் ஒன்று மாற்றி ஒன்று படுத்துக்கொள்ளும். உடனே ஹாலே அலறும். "டாக்டரு எங்கப்பா? டாக்டரைக் கூப்பிடு!" டாக்டர் என்றால் நான்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்குக் கிடைத்த பட்டம். ஸ்பேனரைத் தோளில் சாத்திக்கொண்டு வருவேன். கூட்டம் விலகும். இரண்டு தட்டு, ஒரு திருகு, நாலு கெட்ட வார்த்தை. மெஷின் எழுந்துகொள்ளும். பேக்கிங் பெண்கள் கை தட்டுவார்கள். முதல் சோப்பு இளஞ்சூட்டோடு என் உள்ளங்கையில் வந்து உட்காரும்.

வீட்டில் பீரோவுக்கு மேலே சோப்பு, கட்டிலுக்குக் கீழே சோப்பு. என் பெண்டாட்டிக்குக் கோபம் வந்தால் என் மேல் வீசுவதும் சோப்புதான். படுத்ததை எழுப்புவது என் வேலை. அது ஏன் படுத்தது என்று கேட்க நான் என்ன அதுக்கு மாமியாரா?

இப்படி ராஜாவாக இருந்தவன் வாழ்க்கையில்தான் மாப்பிள்ளை நுழைந்தார்.

ஒல்லியான ஆள். பேச்சு குறைவு. முதுகில் ஒரு பிடிப்பு, அதனால் குனிந்தால் நிமிர நேரமாகும். கல்யாணத்தன்று போட்டோக்காரர் "இங்க பாருங்க சார், இங்க பாருங்க" என்று கத்துகிறார், இவர் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனையே பார்க்கிறார். ஆல்பம் முழுக்க என் தங்கச்சி சிரித்துக்கொண்டிருப்பாள், பக்கத்தில் ஒருவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிட உட்கார்ந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மச்சான், அந்த ஃபேன் கொக்கி தேஞ்சு போயிருக்கு. பந்தியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்களேன்." மாப்பிள்ளை கேட்டதாயிற்றே என்று தள்ளிப் போட்டோம். ஃபேன் விழவே இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து நான் எந்த ஃபேனுக்குக் கீழேயும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

எங்கள் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸுக்கு ஆள் தேடியபோது இவரைச் சொல்லிச் சேர்த்துவிட்டதே நான்தான். எனக்குக் கீழே ஒரு கையாள் கிடைப்பார் என்று கணக்குப் போட்டேன். அவரோ வந்ததும் நன்றாக ஓடுகிற மெஷினை நிறுத்தினார்.

"என்ன மாப்ளே, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மச்சான்."

"அப்புறம் எதுக்கு நிறுத்தினீங்க?"

"ஒண்ணும் ஆகாம இருக்கத்தான்."

இந்த ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாய் என்று அன்று சாயங்காலமே தங்கச்சியிடம் கேட்டேன். "வீட்டுல மட்டும் என்னவாம்? துணி துவைக்கிற மெஷினுக்கு ஞாயித்துக்கிழமை லீவு விட்டிருக்காரு அண்ணே. எனக்குத்தான் லீவே கிடையாது" என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மெஷினுக்கும் வாரத்தில் ஒரு வேளை ஓய்வு. திறந்து பார்ப்பார், துடைப்பார், கிரீஸ் வைப்பார், தேய்ந்ததை உடைவதற்கு முன்பே மாற்றுவார். நட்டுக்கும் மெஷினுக்கும் சேர்த்து ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு இழுப்பார். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். போகிற போக்கில் ஒரு பார்வை போதும். முன்பெல்லாம் ஒரு மெஷினுக்கு பேரிங் வேண்டுமென்றால் இன்னொன்றின் வயிற்றைக் கிழித்து எடுப்போம். இவர் எல்லாவற்றுக்கும் மாற்றுச் சாமான் வாங்க வைத்து அலமாரியில் அடுக்கினார்.

மெஷின்கள் படுப்பதை நிறுத்திவிட்டன. என்னை அலறிக் கூப்பிட ஆளில்லை. கை தட்டல் இல்லை. முதல் சோப்பு இல்லை. கட்டிலுக்கடியில் கடைசிச் சோப்பும் கரைந்த அன்று என் பெண்டாட்டி பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "உங்க மாப்பிள்ளை வந்த நேரம், இருபது வருஷத்துல முதல் தடவையா சோப்பு வாங்கப் போறேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

நிலைமை இப்படி இருக்க, புது மேனேஜர் வந்தார். சுற்றிப் பார்த்தார். "எல்லா மெஷினும் நல்லாத்தானே ஓடுது? வாராவாரம் எதுக்கு நிறுத்தணும்? இவருக்குன்னு ஒரு வேலையே இல்லையே. லோடிங்குக்கு மாத்துங்க" என்றார். அடுத்த வாரம் முதலாளியம்மா வரும்போது சரி என்று தலையாட்டினால் முடிந்தது.

எனக்கு முதலில் காதில் தேன் வந்து பாய்ந்தது போலத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் தங்கச்சி வந்தாள். "அண்ணே, அந்த முதுகை வச்சுக்கிட்டு அவரால மூட்டை தூக்க முடியுமா? படுத்த படுக்கையாயிடுவாரு. நீதான் ஏதாவது பண்ணணும்" என்று மூக்கை உறிஞ்சினாள். எந்த அண்ணன் சும்மா இருப்பான்?

பேக்கிங் அக்காவிடம் போனேன். பேக்கிங் பகுதிக்கே அவள்தான் தலைமை. சைரன் கெட்டுப்போன நாட்களில் அவளைத்தான் கத்தச் சொல்வோம். இரண்டு பேரும் டீயும் கையுமாக உட்கார்ந்து யோசித்தோம். எங்களுக்குத் தெரிந்த பெருமை ஒன்றுதான். மெஷின் படுக்கணும், ஆள் ஓடி வரணும், எழுப்பணும்.

"ஒரே ஒரு தடவை, அந்தம்மா கண்ணு முன்னாடி மெஷின் நிக்கட்டும்க்கா. மாப்பிள்ளை வந்து சரி பண்ணட்டும். அப்பதான் அவரோட அருமை தெரியும்."

"நின்ன உடனே நான் ஒரு குரல் குடுக்கறேன் பாரு, எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவாரு" என்றாள் அக்கா.

சோப்புக்குக் காகிதம் சுற்றும் மெஷினைத் தேர்ந்தெடுத்தோம். அதன் மோட்டாரைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தினால் பெல்ட் தொய்ந்து வழுக்கும். மெஷின் தானாக நின்றுவிடும். ஆளுக்கு ஆபத்தில்லை. முதலாளியம்மா வருகிற அன்று காலையில் தளர்த்தினேன். மாப்பிள்ளை வழக்கம்போல் சுற்றி வந்தார், கோடு உடைந்திருப்பதைப் பார்த்தார், இறுக்கினார், போய்விட்டார்.

மறுபடி தளர்த்தி, இந்தத் தடவை நானே பெயின்ட் எடுத்துக் கோட்டைச் சேர்த்து வரைந்தேன். கில்லாடித்தனம் என்று நினைத்தேன். அவர் விரலால் தொட்டு, "பெயின்ட் ஈரமா இருக்கே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி இறுக்கினார்.

"இந்த ஆளை வெளிய அனுப்பினாத்தான் மெஷின் கெடும்" என்று பல்லைக் கடித்தாள் அக்கா. நேராக அவரிடம் போய், "தம்பி, குடோன் ஃபேன் என்னமோ கத்துது, வந்து பாரேன்" என்றாள். ஃபேன் என்றால் அவர் ஏழு கடல் தாண்டியும் போவார். போனார். நான் நட்டையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். வாஷர் எங்கோ உருண்டு போனது.

முதலாளியம்மா வந்தார். மேனேஜர் ஏதேதோ விளக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் மெஷினைச் சுற்றி நின்றோம். இதோ நிற்கும், இதோ நிற்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். அதுவா நிற்கும்? சடக் சடக்கென்று சோப்பைச் சுற்றித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. குனிந்து பார்த்தேன். மோட்டாருக்கு அடியில் புதிதாக ஒரு ஸ்பிரிங். நட்டு போனாலும் பெல்ட்டைத் தானே இழுத்துப் பிடிக்கும்படி எப்போதோ மாட்டி வைத்திருக்கிறார், மகராசன்!

"என்ன, எல்லாரும் இந்த மெஷினையே பார்க்கறீங்க?" என்றார் முதலாளியம்மா.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "நிக்க மாட்டேங்குதும்மா!"

"எதுக்கு நிக்கணும்?"

அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். லோடிங், முதுகு, நட்டு, ஈரப் பெயின்ட், குடோன் ஃபேன் எதையும் விடவில்லை. நான் பையிலிருந்த நட்டை எடுத்து நீட்டினேன். வேறென்ன செய்ய? முதலாளியம்மாவுக்கு முதலில் கண் சிவந்தது. பிறகு உதடு துடித்தது. பிறகு அந்த மெஷினையே பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பேக்கிங் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். மேனேஜர் மட்டும் யார் பக்கம் சேர்வது என்று தெரியாமல் பாதி வாயோடு நின்றார்.

அந்த நேரம் தலையெல்லாம் ஒட்டடையோடு மாப்பிள்ளை வந்தார். யாரையும் பார்க்கவில்லை. மெஷின் சத்தத்தை ஒரு நொடி கேட்டார், சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மெஷின் நின்றது.

"யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்றார் மேனேஜர்.

"நட்டு இல்ல சார்." குனிந்து, தரையில் கிடந்த வாஷரை எடுத்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்து, என் கையிலிருந்த நட்டைப் பார்த்தார். "மச்சான்..."

"சொல்லுங்க மாப்ளே."

"வாஷரைக் கீழ போடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"உங்களுக்காகத்தான் கழட்டினாராம்" என்றார் முதலாளியம்மா.

"எனக்காக யாரும் எதையும் கழட்ட வேணாம்மா. மாட்டினதை மாட்டினபடி விட்டாலே போதும்."

முதலாளியம்மா மேனேஜர் பக்கம் திரும்பினார். "கெடுக்கணும்னு இவ்வளவு பாடுபட்டும் இங்க கெடல. நம்ம இன்னொரு ஃபேக்டரியில யாரும் கை வைக்காமலே தினம் ஒண்ணு கெடுது. இவரை அங்க அனுப்புங்க, பெரிய பொறுப்புல. மூட்டை தூக்கறதெல்லாம் வேணாம். இங்க வாராவாரம் நிறுத்தறது அப்படியே நடக்கட்டும்."

"இங்க யார் பார்த்துக்கறது மேடம்?"

"இதோ இவரு. எந்த நட்டைக் கழட்டினா என்ன ஆகும்னு நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்காரே!"

ஹாலில் எழுந்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

போன வாரம் மாப்பிள்ளையை பஸ் ஏற்றி வழியனுப்பப் போனோம். அங்கே வீடு பார்த்ததும் தங்கச்சியை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. பஸ் நகர்ந்தது. அவள் ஒரு கையால் கண்ணைத் துடைத்து மறு கையை ஆட்டினாள். மாப்பிள்ளை ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, "மச்சான்! மச்சான்!" என்று கத்தினார். தங்கச்சியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லப் போகிறார் என்று நினைத்து பஸ்ஸோடு சேர்ந்து நடந்தேன்.

"சொல்லுங்க மாப்ளே!"

"பின்சக்கரத்துல பேரிங் முனகுது மச்சான்! ஓடுங்க, ஓடிப் போய் டிரைவரை நிறுத்தச் சொல்லுங்க!"